கெளுத்தி மீனின் வயிறு வீங்கினால்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், வரவு செலவு வாசித்து முடித்த பிறகு பேசியது. கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் கேட்டதால் எழுத்தில் தருகிறேன். பேசும்போது விட்டுப்போன ஓரிரண்டு விவரங்களையும் சேர்த்திருக்கிறேன்.)



மெயின்டனன்ஸ் பாக்கி, லிஃப்ட் ரிப்பேர் எல்லாம் பேசி முடித்துக் களைத்திருக்கும் நேரத்தில் மீனைப் பற்றிப் பேச எழுந்திருக்கிறேன். செயலாளர் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். வங்கியில் முப்பது வருடத்துக்கு மேல் குமாஸ்தாவாக இருந்தவன், படித்தது பி.காம். மீன் வைத்தியம் எனக்குத் தொழில் அல்ல. வீட்டில் தொட்டி வைத்து வருடக்கணக்கில் பார்த்ததையும், விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும்தான் சொல்லப் போகிறேன்.

இப்போது பேசக் காரணம் உண்டு. இந்தக் கோடையில் நம் குடியிருப்பில் நாலு வீட்டிலிருந்து ஒரே புகார். "சார், அடியில கிடக்குற மீனு வயிறு ஊதிப்போச்சு, என்ன மருந்து ஊத்தறது?" அதில் ஒரு வீட்டில் மீனைப் பையில் போட்டு ஊருணியில் விடக் கிளம்பியே விட்டார்கள். நல்லவேளையாக மாடிப்படியில் எதிர்ப்பட்டேன். அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் எந்த மீனைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெளிவாக்கிக்கொள்வோம். கெளுத்தி என்றால் நமக்கு ஜெகதாப்பட்டினத்திலிருந்தும் கோட்டைப்பட்டினத்திலிருந்தும் வருகிற கடல் கெளுத்தியும், கண்மாயில் பிடிக்கிற நாட்டுக் கெளுத்தியும்தான் ஞாபகம் வரும். கண்ணாடித் தொட்டியில் நாம் வைத்திருப்பதிலும் அந்த இனத்துச் சொந்தங்கள் பல உண்டு. கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு கிடக்கிற, கடைக்காரர்கள் 'சக்கர்' என்றும் 'டேங்க் கிளீனர்' என்றும் சொல்லுகிற மீன் கெளுத்தி இனம். கூட்டமாக அடியில் மீசையை வைத்துத் துழாவுகிற சின்ன 'கோரி' கெளுத்தி இனம். பலருக்கு ஆச்சரியமாக இருக்கும், 'ஷார்க்' என்று விற்கிறார்களே, வெள்ளி நிறத்தில் அங்கும் இங்கும் பாய்கிற மீன், அதுவும் சுறா அல்ல, கெளுத்திதான். தென்கிழக்கு ஆசியாவின் மீகாங் ஆற்றுப் பக்கத்து மீன். ஆற்றில் ஒரு மீட்டருக்கு மேல் வளரும். இரண்டடித் தொட்டிக்கு அதை விற்பதே அநியாயம் என்பது என் அபிப்பிராயம்.

இந்த மீன்களைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை ஊரெல்லாம் இருக்கிறது. "இது அழுக்கைத் தின்னும் சார், தனியா சாப்பாடு போட வேண்டாம்" என்பார்கள். எந்த மீனும் இன்னொரு மீனின் கழிவைத் தின்று வாழாது. சக்கர் கண்ணாடியிலும் கல்லிலும் படர்கிற பாசியைச் சுரண்டும். அந்தப் பாசி இரண்டு வாரத்தில் தீர்ந்துவிடும். பிறகு அது பட்டினி. இல்லாவிட்டால் மேலே மற்ற மீன்களுக்குப் போட்டு மிஞ்சி, அடியில் ஊறிப் புளித்துக் கிடக்கிறதே, அந்தத் தீனியைத் தின்னும். பட்டினி கிடந்து கிடந்து, ஒருநாள் புளித்த தீனியை வயிறு முட்டத் தின்றால் என்ன ஆகும்? நமக்கே தாங்காது.

சரி, வயிறு வீங்குவது ஒரு நோயா? அல்ல, அது ஒரு அறிகுறி. நமக்குக் காய்ச்சல் மாதிரி. காய்ச்சலுக்கு நூறு காரணம் இருப்பது போல வீக்கத்துக்கும் பல காரணம் உண்டு. நம்மில் கிராமத்தில் மாடு வைத்திருந்த குடும்பங்கள் நிறைய. மாட்டுக்கு வயிறு உப்புசம் என்றால் இரைப்பையில் காற்று சேர்ந்து இடது பக்கம் மத்தளம் மாதிரி உப்பும். அதற்கு எண்ணெய் புகட்டுவார்கள். அதே நினைப்பில், கூட்டத்துக்கு முன்னால் ஒரு அம்மா, "ஓமத் தண்ணி ஊத்தலாமா?" என்று கேட்டார்கள். வேண்டாம். மீனின் வயிற்றில் பெரும்பாலும் காற்று இருப்பதில்லை. இருப்பது ஒன்று தின்ற தீனி, அல்லது முட்டை, அல்லது நீர். இந்த மூன்றில் எது என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வைத்தியம்.

நீர் எப்படி வயிற்றுக்குள் சேர்கிறது என்று கொஞ்சம் விளக்குகிறேன், இது தெரிந்தால் மற்றது தானாகப் புரியும். நன்னீர் மீனின் உடம்புக்குள் இருக்கிற உப்பு, வெளியே தொட்டித் தண்ணீரில் இருக்கிற உப்பைவிட அதிகம். ஊறுகாய்க்கு உப்புப் போட்டால் எலுமிச்சையிலிருந்து தண்ணீர் உப்பை நோக்கி வெளியே வருகிறது அல்லவா? இங்கே அது தலைகீழ். உப்பு உள்ளே இருப்பதால் தண்ணீர் செவுள் வழியாகவும் தோல் வழியாகவும் இருபத்துநாலு மணி நேரமும் மீனுக்குள் நுழைந்துகொண்டே இருக்கிறது. அதை வெளியே தள்ளுவது சிறுநீரகத்தின் வேலை. வரவுக்குச் சமமாகச் செலவு நடக்கிறவரை கணக்கு டேலி ஆகும். தண்ணீர் கெட்டுப்போய், கிருமி புகுந்து, சிறுநீரகம் வேலை நிறுத்தம் செய்தால் வரவு மட்டும் நடக்கும், செலவு நின்றுவிடும். வயிறு நீர் கோத்துக்கொள்ளும். மனிதனுக்கு மகோதரம் என்று சொல்வோமே, அது மாதிரி. இது வந்தால் பிழைப்பது கடினம். மறைத்துச் சொல்ல மாட்டேன்.

தங்கமீனுக்கு, ஃபைட்டருக்கு இந்த நிலை வந்தால் செதில்கள் சிலிர்த்துக்கொண்டு நிற்கும், மேலிருந்து பார்த்தால் சவுக்குக் காய் மாதிரி தெரியும். மீன் வளர்ப்பவர்கள் பலருக்கும் அந்த அடையாளம் தெரியும். ஆனால் கெளுத்திக்குச் செதிலே கிடையாது. ஷார்க்குக்கு வெறும் தோல். கோரிக்கும் சக்கருக்கும் உடம்பின் மேல் எலும்புத் தகடு, கவசம் போட்ட மாதிரி. தகடு சிலிர்க்காது. அதனால் "செதில் சிலிர்க்கலை, பயமில்லை" என்று கெளுத்தி விஷயத்தில் இருந்துவிடக் கூடாது. அந்த அடையாளம் இங்கே வேலை செய்யாது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? சக்கர் கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது வெளியிலிருந்து அதன் அடிவயிறு முழுக்கத் தெரியும். வேறு எந்த மீனும் நமக்கு இந்தச் சௌகரியத்தைத் தருவதில்லை. கைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். நல்ல நிலையில் இருக்கும்போதே எடுத்து வையுங்கள், அப்போதுதான் பிறகு ஒப்பிட முடியும். வங்கியில் மாதிரிக் கையெழுத்துக் கார்டு வைத்திருப்போமே, அதுபோல. கோரியை மேலிருந்தும் பக்கவாட்டிலும் பாருங்கள்.

தீனி அடைத்த வயிறு என்றால் தின்ற சில மணி நேரத்தில் உருண்டையாகும், மீன் ஓரளவு சுறுசுறுப்பாக இருக்கும், கழிவு வராது அல்லது கொஞ்சமாக வரும். இது இரண்டு மூன்று நாளில் தானாக இறங்கும்.

முட்டை என்றால் அது பெண் மீன். கோரியில் பெண் பொதுவாகவே ஆணைவிடப் பெரிது, மேலிருந்து பார்த்தால் அகலம். முட்டை வைத்திருக்கிறவள் நன்றாகத் தின்பாள், நீந்துவாள், ஆண்கள் பின்னாலேயே சுற்றுவார்கள். குளிர்ந்த தண்ணீர் மாற்றிய மறுநாள் கண்ணாடியில் முட்டை ஒட்டியிருந்தாலும் இருக்கும். அவளைப் பிடித்துத் தனியே போட்டு மருந்து ஊற்றுவது பாவம்.

நீர் கோத்த வயிறு மெள்ள மெள்ள, பல நாளில் பெருக்கும். மீன் தின்னாது. மூலையில் ஒதுங்கிக் கிடக்கும். மூச்சு வேகமாக இருக்கும். வயிற்றிலும் துடுப்படியிலும் சிவப்பு ரத்தத் திட்டு தெரியலாம். கண் பிதுங்கலாம். ஆசனவாய் வீங்கிச் சிவந்திருக்கும். இதைப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம். இன்னொன்றும் உண்டு: வெள்ளையாக, நூல் மாதிரி நீளக் கழிவு தொங்கி, வயிறு பெருத்து, முதுகு மட்டும் மெலிந்துபோனால் குடலில் ஒட்டுண்ணி இருக்கலாம்.

ஒரு விஷயம் பார்த்துப் பயப்பட வேண்டாம். கோரி திடீரென்று ராக்கெட் மாதிரி மேலே போய் ஒரு வாய் காற்றை விழுங்கிக்கொண்டு கீழே வரும். அது குடலின் பின்பகுதி வழியாகவே கொஞ்சம் சுவாசிக்கிற மீன். சக்கர் வகையில் இரைப்பையே காற்றுப் பை மாதிரி மெல்லியதாக மாறியிருக்கிறது. ஆக்ஸிஜன் குறைந்தால் அதுவும் மேலே வந்து காற்று விழுங்கும். எப்போதாவது என்றால் இயல்பு. நிமிடத்துக்கு ஒரு தடவை போய் வந்தால் தண்ணீரில் ஆக்ஸிஜன் இல்லை என்று அர்த்தம். அப்போது பார்க்க வேண்டியது தண்ணீரை.

இனி வைத்தியம்.

வயிறு வீங்கியிருக்கிறது என்று தெரிந்தவுடன் செய்ய வேண்டிய முதல் காரியம், தீனியை நிறுத்துவது. காசு செலவில்லாத வைத்தியம், ஆனால் நம் வீடுகளில் இதுதான் மிகக் கஷ்டம். "பாவம், பசிக்குமே" என்று பாட்டி ஒரு பக்கம் போடுவார், தெரியாமல் பேரன் ஒரு பக்கம் போடுவான். நல்ல உடம்போடு இருந்த வளர்ந்த மீன் ஒரு வாரம் தின்னாமல் இருந்தாலும் ஒன்றும் ஆகாது. மூன்று நாள் போதும். தீனி டப்பாவைப் பரண் மேல் ஏற்றிவிடுங்கள்.

இரண்டாவது, தொட்டித் தண்ணீரில் கால் பங்கு மாற்றுங்கள். முழுவதையும் ஒரேயடியாக மாற்றாதீர்கள், அது மீனுக்கு அடுத்த அதிர்ச்சி. பெரும்பாலான வயிறு வீக்கத்துக்கு மூலகாரணம் தீனியும் தண்ணீரும்தான். இந்த இரண்டையும் சரி செய்த பிறகு இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தால், பலதும் மருந்தில்லாமலே இறங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

இறங்கவில்லையா? மீனைத் தனியே எடுங்கள். வலையில் எடுக்க வேண்டாம். கெளுத்தியின் மேல்துடுப்பிலும் பக்கத் துடுப்பிலும் முள் உண்டு. பயந்தால் அதை விறைத்துப் பூட்டிக்கொள்ளும். வலையில் சிக்கினால் முள்ளும் ஒடியும், மீனும் துடிக்கும். நம் கையிலும் குத்தும். தேளி மீன் குத்தி வாங்கியவர்களுக்கு அந்தக் கடுப்பு தெரியும். பிளாஸ்டிக் டப்பாவைத் தண்ணீருக்குள் முக்கி, மீனை உள்ளே தள்ளித் தண்ணீரோடு எடுப்பதுதான் நல்லது.

தனி இடத்துக்குப் புது பிளாஸ்டிக் டப் ஒன்று போதும். சோப்புப் பட்ட பக்கெட் கூடாது. குடிதண்ணீர் கேன் இருக்கிறதே, இருபது லிட்டர், அதை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். பாதி தொட்டித் தண்ணீர், பாதி குளோரின் போன புதுத் தண்ணீர். ஏர் பம்ப்பில் ஒரு குழாய். ஒளிந்துகொள்ள ஒரு பிவிசி பைப் துண்டு. அடியில் கல்லும் மண்ணும் வேண்டாம், கழிவு வருகிறதா என்று தெரிய வேண்டும். மேல் மாடியில் இருப்பவர்கள் கவனியுங்கள்: சின்ன டப் சீக்கிரம் சூடாகும். ஜன்னல் ஓரம் வைக்காதீர்கள்.

இந்த இருபது லிட்டருக்கு ஒரு டீஸ்பூன், தலைதட்டி, எப்சம் உப்பு. எப்சம் உப்பு என்பது மக்னீசியம் சல்பேட். நம் ஊரில் தென்னைக்கும் நெல்லுக்கும் உரக்கடையில் மூட்டையாக விற்பதும் மக்னீசியம் சல்பேட்தான். ஆனால் உரத்துக்கான சரக்கில் வேறு என்ன கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. மருந்துக் கடையில் கிடைப்பதை வாங்குங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் நன்றாகக் கரைத்து, அரை மணி நேரத்தில் மூன்று நான்கு தடவையாக ஊற்றுங்கள். இது வயிற்றைக் கொஞ்சம் இளக்கும், வெளியிலிருந்து உள்ளே நுழைகிற நீரின் வேகத்தையும் கொஞ்சம் குறைக்கும். மற்ற மீன்களுக்கு இதைப்போல மூன்று மடங்குகூடப் போடுவார்கள். கெளுத்திக்கு அவசரப்பட வேண்டாம். சமையல் உப்பைப் போடாதீர்கள், அது வேறு இது வேறு. செதில் இல்லாத மீனுக்குச் சமையல் உப்பு அதிகமானால் தோல் எரிச்சலாகும்.

தினம் ஐந்து லிட்டர் எடுத்து ஐந்து லிட்டர் ஊற்றுங்கள். இங்கேதான் கணக்கில் கோட்டை விடுகிறார்கள். எடுத்த ஐந்து லிட்டரோடு போனது கால் ஸ்பூன் உப்பு. அதனால் திரும்பப் போட வேண்டியது கால் ஸ்பூன் மட்டும். தினம் ஒரு முழு ஸ்பூன் போட்டால் நாலாம் நாள் தண்ணீரில் இரண்டரை ஸ்பூனுக்கு மேல் சேர்ந்துவிடும். நாளுக்கு நாள் ஏறுகிற விஷயம் இது.

மூன்றாம் நாள் கழிவு வந்து வயிறு இறங்கியிருந்தால் மெள்ளத் தீனி ஆரம்பிக்கலாம். சக்கருக்கு வேகவைத்துத் தோலுரித்த பச்சைப் பட்டாணி ஒன்றை நசுக்கிப் போடுங்கள், அல்லது ஒரு வில்லை வெள்ளரிக்காய். கோரி பட்டாணியை அவ்வளவாகச் சீண்டாது, அதற்கு அடியில் மூழ்கும் தீனியில் ஒரு துணுக்கை ஊறவைத்துக் கொடுங்கள். இரண்டு மணி நேரத்தில் மிஞ்சினதை எடுத்துவிட வேண்டும்.

ஐந்து நாளாகியும் இறங்கவில்லை, ரத்தத் திட்டும் இருக்கிறது என்றால் அது கிருமித் தொற்று. இந்த இடத்தில்தான் ஆளாளுக்கு வைத்தியராகிவிடுகிறார்கள். கடையில் நீல மருந்து கொடுப்பார்கள். எதற்குக் கேட்டாலும் அதே நீல பாட்டில்தான். வெளியில் பூஞ்சை பிடித்தால், முட்டை பூசணம் பிடித்தால் அதற்கு உபயோகம் உண்டு. வயிற்றுக்குள் இருக்கிற தொற்றுக்கு அது ஒன்றும் செய்யாது. ஃபில்டரில் நமக்காக உழைக்கிற நல்ல பாக்டீரியாவையும் கொன்று வைக்கும். பச்சை மருந்து, அதாவது மாலகைட் கிரீன், கெளுத்திக்கு இன்னும் ஆபத்து. தகுந்த காரணம் இருந்து போட வேண்டியிருந்தாலும் பாதி அளவுதான் போடுவார்கள். வீட்டில் மீந்த ஆன்டிபயாடிக் காப்ஸ்யூலைப் பிரித்துக் கொட்டுகிறவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். எந்தக் கிருமி என்றே தெரியாமல் போடுகிற மருந்து அது. பிறகு அந்தத் தண்ணீரைச் சாக்கடையில்தான் ஊற்றுகிறோம்; மருந்துக்கு மசியாத கிருமியை நாமே வளர்த்துவிட்ட மாதிரி ஆகும். நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது, மாவட்டத்தில் மீன்வளத் துறை இருக்கிறது. கைபேசியில் படமும், தண்ணீர் பரிசோதனை அளவும் வைத்துக்கொண்டு விவரம் தெரிந்தவரிடம் கேட்டபிறகு மருந்துக்குப் போங்கள்.

இனி, வராமல் தடுப்பது. என்னைக் கேட்டால் இன்றைய பேச்சில் முக்கியமான பகுதி இது.

தீனி. மீனின் வயிறு அதன் கண் அளவுதான் என்று மீன் வளர்ப்பவர்கள் சொல்வார்கள். துல்லியமான கணக்கு அல்ல, ஆனாலும் நல்ல கணக்கு. கோயில் குளத்து மீனுக்குக் கை நிறையப் பொரி வீசிப் பழகிய கை நம்முடையது. இரண்டடித் தொட்டி கோயில் குளம் அல்ல. பொரி, பிரெட், பிஸ்கட், இட்லி எதுவும் கூடாது. வாரத்தில் ஒரு நாள் விரதம் இருக்கட்டும். உங்கள் வீட்டில் எந்தக் கிழமை விரதமோ அதே கிழமை மீனுக்கும் என்று வைத்துக்கொண்டால் மறக்காது. கெளுத்திகளில் பல இரவு மீன்கள். தொட்டி விளக்கை அணைத்த பிறகு, மூழ்குகிற தீனியாகப் போடுங்கள். உலர் தீனியை ஐந்து நிமிடம் ஊறவைத்துப் போடுவது என் வழக்கம். வயிற்றுக்குள் போய் உப்புவதைவிட வெளியிலேயே உப்பட்டும்.

சக்கரின் குடல் மிக நீளம், கடிகார ஸ்பிரிங் மாதிரி சுருண்டிருக்கும். பாசியும் இலைதழையும் தின்னப் படைக்கப்பட்ட குடல். அதற்குத் தினமும் புழுவும் இறாலும் போட்டால் அடைத்துக்கொள்ளும். கோரிக்குப் புழு பிடிக்கும், ஆனால் கடையில் உயிரோடு விற்கிற சிவப்பு நூல் புழு சாக்கடைச் சேற்றில் வளர்வது. அதோடு கிருமியும் வரும். உறையவைத்த புழு இருந்தால் வாரம் ஒரு தடவை போதும்.

தண்ணீர். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியின் கொள்ளளவு சுமார் 56 லிட்டர். கல், மேல்விளிம்பு கழித்தால் நாற்பத்தைந்து லிட்டர் நிற்கும். வாரம் ஒரு பக்கெட் எடுத்து ஒரு பக்கெட் ஊற்றினால் கால் பங்கு ஆயிற்று. ஃபில்டர் பஞ்சைக் குழாயில் கழுவாதீர்கள். மீன் கழிவிலிருந்து வருகிற அம்மோனியாவைத் தின்று கெடுதல் குறைந்ததாக மாற்றுகிற பாக்டீரியா அந்தப் பஞ்சில்தான் குடியிருக்கிறது. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே இரண்டு பிழி பிழிந்து மாட்டிவிடுங்கள். அம்மோனியா பரிசோதிக்கிற கிட் கிடைக்கிறது. பூஜ்யம் காட்ட வேண்டும். பூஜ்யத்தைத் தவிர எந்த எண் காட்டினாலும் அன்று தீனி கிடையாது, தண்ணீர் மாற்ற வேண்டும்.

வெயில். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரையும். 32 டிகிரியில் அது 7.3 ஆகிவிடும். அறந்தாங்கி மே மாதத்தில் தொட்டித் தண்ணீர் 32-ஐத் தாண்டுவது சாதாரணம். சூட்டில் மீனுக்கு மூச்சு அதிகம் வேண்டும், கிடைப்பதோ குறைவு. போதாததற்கு மிஞ்சிய தீனி சீக்கிரம் புளிக்கும். நாலு வீட்டிலும் ஒரே நேரத்தில் வயிறு வீங்கியதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். கோடையில் தீனியைப் பாதியாக்குங்கள். ஏர் பம்ப் இரவிலும் ஓடட்டும். அது தின்கிற கரண்ட் ஒரு சின்ன எல்.இ.டி. பல்பு அளவுதான்.

கரண்ட் என்றதும் இன்னொன்று. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை நிறுத்துகிறார்களே, அன்று காலையில் தீனி போடாதீர்கள். 2018 நவம்பர் 16-ல் கஜா அடித்த பிறகு நம் பகுதியில் எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்று யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. அப்படி ஒரு காலத்தில் மீனைக் காப்பாற்ற இரண்டே வழி: தீனியை அடியோடு நிறுத்துவது, மணிக்கு ஒருதரம் சொம்பில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றித் தண்ணீரைக் கலக்கிவிடுவது. நின்றுபோன ஃபில்டரை நாலு நாள் கழித்து அப்படியே போட்டுவிடக் கூடாது. உள்ளே அழுகியதெல்லாம் தொட்டிக்குள் கொட்டும்.

அடுத்தது சங்கத்துக்கு ஒரு கோரிக்கை. மேல்நிலைத் தொட்டியும் சம்ப்பும் கழுவும் அன்று பிளீச்சிங் பவுடர் போடுகிறோம். மனிதனுக்கு அது நல்லது, போடத்தான் வேண்டும். ஆனால் அன்றும் மறுநாளும் வருகிற தண்ணீரில் குளோரின் காட்டமாக இருக்கும். தெரியாமல் அதைத் தொட்டியில் ஊற்றினால் ஃபில்டர் பாக்டீரியா செத்து, மீனின் செவுள் வெந்து, ஒரு வாரம் கழித்து வயிறு வீங்கும்போது காரணமே பிடிபடாது. கழுவுவதற்கு முதல்நாள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வரி போட்டால் மீன் வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே இரண்டு பக்கெட் பிடித்து வைத்துக்கொள்வோம். மற்ற நாளிலும் குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்துவைத்து ஊற்றுவது, அல்லது குளோரின் முறிக்கிற சொட்டு மருந்தை அளவாகப் போடுவது நல்லது.

புது மீன் வாங்குகிறவர்களுக்கு: நமக்கு வருகிற அலங்கார மீனில் பெரும்பகுதி சென்னை கொளத்தூர் பக்கமிருந்து ஆக்ஸிஜன் அடைத்த பையில் பஸ்ஸிலும் லாரியிலும் முந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வருவது. களைத்து வருகிற மீன். வந்த அன்றே தீனி போடாதீர்கள். இரண்டு வாரம் தனி டப்பில் வைத்துப் பார்த்துவிட்டுப் பழைய மீன்களோடு சேருங்கள்.

இப்போது மாடிப்படிக் கதை. அந்த வீட்டில் இருந்தது சக்கர். வாங்கும்போது இரண்டு அங்குலம், இப்போது முக்கால் அடி. இதன் இனத்தில் சாதாரணமாகக் கடையில் கிடைப்பது ஒன்றரை அடி வரை வளரும். இரண்டடித் தொட்டியில் அது திரும்பவே முடியாது. கழிவு அதிகம், தண்ணீர் கெடுகிறது, வயிறு வீங்குகிறது. அவர்களைக் குறை சொல்லவில்லை. "சாகறதுக்கு, ஊருணியில பொழச்சுப் போகட்டும்" என்ற இரக்கம்தான்.

ஆனால் அது பிழைத்தால்தான் தொந்தரவு. தென் அமெரிக்காவிலிருந்து வந்த மீன் அது. உடம்பெல்லாம் தகடு, நம் ஊர் மீனோ பறவையோ லேசில் தின்ன முடியாது. தண்ணீர் இல்லாமலும் பல மணி நேரம் தாங்கும். கரையில் வளை தோண்டி முட்டையிடும், கரை பலவீனமாகும். வலையில் மாட்டினால் முள்ளால் வலையைக் கிழிக்கும். திருவனந்தபுரத்தில் சாக்கை கால்வாயில் இது பெருகிவிட்டதை ஆராய்ச்சியாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆந்திராவில் மீனவர்கள் பேய் மீன் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மெக்சிகோவில் இன்ஃபியர்னியோ என்ற பெரிய அணைக்கட்டில் ஜிலேபி மீன் பிடித்துப் பிழைத்த ஆயிரக்கணக்கானவர்களின் தொழிலை இது நாசமாக்கியிருக்கிறது. ஆரம்பம் யாரோ வளர்த்த மீன்தான்.

நம் ஊர் கல்லணைக் கால்வாயின் கடைமடை. ஒரு கண்மாய் நிறைந்தால் கலிங்கு வழியாக அடுத்த கண்மாய்க்குப் போகும். ஊருணியில் விட்டது ஊருணியிலேயே இருக்கும் என்று யார் உத்தரவாதம் தருவது? கோடையில் தண்ணீர் வற்றும்போது நம் சுற்றுப்பட்டுக் கிராமங்களில் மீன்பிடித் திருவிழா நடக்கிறது. ஊத்தாவும் வலையுமாக ஊரே இறங்கி விராலும் கெளுத்தியும் கெண்டையும் அள்ளிக்கொண்டு போகிறது. அந்த ஊத்தாவில் இந்தத் தகடு மீன் மட்டும் நிறைந்து வருகிற ஒரு வருடத்தை நினைத்துப் பாருங்கள். அதோடு, நோய்பிடித்த மீனை விட்டால் அதன் கிருமியையும் சேர்த்தே விடுகிறோம்.

வளர்ந்துவிட்டால் பெரிய தொட்டி வைத்திருப்பவரிடமோ வாங்கிய கடையிலோ திருப்பிக் கொடுங்கள். சில கடைகள் சும்மா என்றால் வாங்கிக்கொள்ளும். பிழைக்காது என்று உறுதியாகத் தெரிந்து, மீன் தவித்துக்கொண்டிருந்தால், கிராம்புத் தைலம் ஒரு வழி. சிறு பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீரில் தைலத்தை விட்டுப் பால்போல ஆகும்வரை குலுக்கி, மீன் இருக்கிற தண்ணீரில் ஊற்ற வேண்டும். லிட்டருக்குப் பத்துச் சொட்டு. முதலில் மயங்கும், பிறகு மூச்சு நிற்கும். கெளுத்தி மூச்சடக்கித் தாங்குகிற இனம் என்பதால் செவுள் அசைவு நின்ற பிறகும் ஒரு மணி நேரம் அப்படியே விட்டுவைத்து, பின்பு மண்ணில் புதையுங்கள். உயிரோடு கழிப்பறையில் விடுவதும், ஃப்ரீசரில் வைப்பதும் மீனுக்குச் சித்திரவதை. குழந்தைகளுக்கு என்ன சொல்வது என்பது ஒவ்வொரு வீட்டுப் பெரியவர்களின் பொறுப்பு. என் பேத்திக்கு உள்ளதை உள்ளபடி சொன்னோம். அழுதாள், பிறகு அவளே குழியில் மண் போட்டாள்.

மாடிப்படியில் பார்த்த அந்த மீன் இப்போது என் வீட்டு நாலடித் தொட்டியில் இருக்கிறது. மூன்று நாள் பட்டினி, ஐந்து நாள் எப்சம் உப்பு. வயிறு இறங்கிவிட்டது. சுரைக்காய்த் துண்டு என்றால் உயிரை விடுகிறது. உரியவர்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

கடைசியாக ஒரு தகவல். இருபது லிட்டர் டப், ஏர் பம்ப், பிவிசி பைப் துண்டு, அம்மோனியா கிட், அரை கிலோ எப்சம் உப்பு எல்லாவற்றையும் சங்க அறை அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன். சாவி வாட்ச்மேனிடம் இருக்கிறது. பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டும் இருக்கும். எடுத்துப்போகிறவர்கள் தேதி, வீட்டு எண், என்ன மீன், எந்தத் தேதியில் திருப்பி வைத்தீர்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். டப்பைத் திருப்பித் தரும்போது சோப்புப் போட்டுக் கழுவ வேண்டாம், தண்ணீரில் அலசி வெயிலில் காயவைத்தால் போதும்.